பை-ஹோல் வி6: ஹோம் ஸ்கிரீன்ல ஒரே தட்டுல அஞ்சு நிமிஷம் நிறுத்துற விட்ஜெட் எப்படி வைக்கிறது?

ரவுட்டர்ராசா:

வணக்கம் மக்களே. வீட்ல ராஸ்பெர்ரி பை 3-ங்கிற குட்டி கம்ப்யூட்டர்ல பை-ஹோல் (விளம்பர டொமைன்களைத் தடுக்கிற சாஃப்ட்வேர்) ஓடுது, ரவுட்டர்ல டிஎன்எஸ்ஸை (சைட் பேரை ஐபியா மாத்துற சேவை) அதுக்குத் திருப்பி விட்டிருக்கேன், அதனால டிவி, போன், லேப்டாப் எல்லாமே அது வழியாத்தான் போகுது. எனக்கு ஜாலி, அம்மாவுக்குத்தான் கஷ்டம். கூகுள்ல மிக்ஸி, புடவைனு எதையாவது தேடுவாங்க, கரெக்டா மேல வர்ற ஸ்பான்சர்டு லிங்க்கைத்தான் அழுத்துவாங்க, அது தொறக்காது, உடனே "நெட்டு போச்சுடா"னு எனக்கு ஆபீஸுக்கு போன் வந்துரும்.

முன்னாடி ஒரு விட்ஜெட் வெச்சு சமாளிச்சேன். பழைய ஏபிஐ (ஆப்கள் பை-ஹோலுக்கு கட்டளை அனுப்புற வழி) பிஎச்பி அட்ரஸ் கடைசியில டிசேபிள் 300னு போட்டு டோக்கனை ஒட்டிவிட்டா போதும், அஞ்சு நிமிஷம் ஆஃப் ஆகி தானா ஆன் ஆயிடும். இப்ப வி6-க்கு அப்டேட் பண்ணதும் அந்த அட்ரஸே இல்லைங்குது. அதே மாதிரி ஒரே தட்டுல நடக்க என்ன வழி? என்னோடது, அம்மாவோடது ஆண்ட்ராய்டு, தங்கச்சிது ஐபோன். அப்புறம் ஆபீஸ்ல இருந்தும் அழுத்த முடிஞ்சா நல்லா இருக்கும், அதுக்கு ரவுட்டர்ல போர்ட் ஓப்பன் பண்ணலாமா?

பைட்டுபாண்டி:

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில், போர்ட் எல்லாம் ஓப்பன் பண்ணிடாதீங்க ப்ரோ. டிஎன்எஸ் போர்ட் 53-ஐ வெளிய தொறந்து விட்டா எவனாவது கண்டுபிடிச்சு உங்க பை-யை வெச்சு இன்னொருத்தன் சர்வரை அடிப்பான். நம்ம ஊர்ல பாதி கனெக்‌ஷன் சிஜிநேட்டுக்கு (பல வீட்டுக்கு ஒரே பொது ஐபி குடுக்கிற முறை) பின்னாடிதான் இருக்கு, தொறந்தாலும் வேலை செய்யாது, அது வேற விஷயம். டெயில்ஸ்கேல்னு ஒரு விபிஎன் இருக்கு, அதை பை-லயும் போன்லயும் போடுங்க, 100-ல ஆரம்பிக்கிற ஒரு ஐபி குடுக்கும், விட்ஜெட்ல அந்த ஐபியைப் போட்டா ஆபீஸ்ல இருந்தும் வேலை செய்யும்.

இப்ப மெயின் மேட்டர். 2025 பிப்ரவரில வந்த வி6-ல லைட்டிபிடி (பழைய வெப் சர்வர்), பிஎச்பி எல்லாத்தையும் தூக்கிட்டாங்க, வெப் சர்வரே பை-ஹோலோட மெயின் புரோகிராமான எஃப்டிஎல் உள்ள போயிடுச்சு, ஏபிஐயும் புதுசு. அதனால பழைய டோக்கன் செல்லாது. இப்ப ரெண்டு ஸ்டெப். முதல்ல ஏபிஐ ஸ்லாஷ் ஆத்-க்கு பாஸ்வேர்டை போஸ்ட் பண்ணா ஒரு செஷன் ஐடி வரும். அந்த ஐடியை எடுத்துக்கிட்டு ஏபிஐ ஸ்லாஷ் டிஎன்எஸ் ஸ்லாஷ் பிளாக்கிங்-க்கு இன்னொரு போஸ்ட், பாடில பிளாக்கிங் ஃபால்ஸ், டைமர் 300. டைமர் செகண்டு கணக்கு. ஆண்ட்ராய்டுல ஹெச்டிடிபி ஷார்ட்கட்ஸ்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் ஆப் இருக்கு, அதுல முதல் ஷார்ட்கட் ஐடியை வாங்கி வேரியபிள்ல வைக்கட்டும், முடிஞ்சதும் ரெண்டாவதைக் கூப்பிடட்டும், முதல் ஷார்ட்கட்டை ஹோம் ஸ்கிரீன்ல விட்ஜெட்டா வெச்சுருங்க.

எல்லாரும் இடிச்சுக்கிற இடம் ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு தட்டுக்கும் புது லாகின் போட்டுக்கிட்டே இருந்தா "ஏபிஐ சீட்ஸ் எக்ஸீடட்"னு திட்டும், ஏன்னா டீஃபால்ட்டா 16 செஷன்தான், ஒவ்வொண்ணும் அரை மணி நேரம் உயிரோட இருக்கும். வேலை முடிஞ்சதும் அதே ஆத் அட்ரஸுக்கு டிலீட் அனுப்பி லாக்அவுட் பண்ற மூணாவது ஷார்ட்கட்டையும் சேர்த்துருங்க.

பாஸ்வேர்டு விஷயத்துல, உங்க மெயின் பாஸ்வேர்டை அம்மா போன்லயோ தங்கச்சி போன்லயோ வைக்காதீங்க. செட்டிங்ஸ்ல வெப் இன்டர்ஃபேஸ் பக்கத்துல ஆப் பாஸ்வேர்டுனு ஒண்ணு உருவாக்கலாம், எக்ஸ்பர்ட் மோடை ஆன் பண்ணாதான் கண்ணுல படும். டூ ஃபேக்டர் போட்டிருந்தாலும் அது கேக்காது, அதை வெச்சு யாரும் செட்டிங்ஸ் மாத்தவும் டீஃபால்ட்டா விடாது.

கோவைக்காரன்:

பாண்டி சொன்னது எல்லாம் சரிதானுங்க, ஆனா எனக்கு இந்த விட்ஜெட் ஐடியாவே புடிக்கலைங்க. அம்மா ஒரு மிக்ஸி லிங்க் தொறக்குறதுக்காக வீட்ல இருக்கிற டிவி, கேமரா, பல்புனு அத்தனைக்கும் சேர்த்து அஞ்சு நிமிஷம் கதவைத் தொறந்து விடுறீங்க. ஸ்மார்ட் டிவி அந்த அஞ்சு நிமிஷத்துல சேர்த்து வெச்சதை எல்லாம் அனுப்பிரும்.

க்வெரி லாக்ல அம்மா போனோட ஐபியைப் போட்டு ஃபில்டர் பண்ணிப் பாருங்க, அவங்க அழுத்துன நேரத்துல எது சிவப்பா நிக்குதுனு தெரியும். ஸ்பான்சர்டு லிங்க்னா அனேகமா கூகுள்ஆட்சர்வீசஸ் டாட் காம் இல்ல டபிள்கிளிக்காத்தான் இருக்கும். 2020-ல வந்த 5.0-ல இருந்தே குரூப்ஸ் இருக்குதுங்க. "அம்மா"னு ஒரு குரூப் போடுங்க, அவங்க போனை கிளையன்ட்ஸ்ல சேர்த்து டீஃபால்ட், அம்மா ரெண்டுலயும் டிக் பண்ணுங்க, அந்த டொமைனை அலவ் பண்ணி அம்மா குரூப்புக்கு மட்டும் குடுங்க. மத்த பிளாக் எல்லாம் அவங்களுக்கும் இருக்கும், லிங்க் மட்டும் தொறக்கும். உங்களுக்கு போனே வராதுங்க, அப்புறம் விட்ஜெட் எதுக்கு?

பைட்டுபாண்டி:

நல்ல ஐடியாதான் அண்ணே, நான் மறுக்கல, ஆனா எல்லாத்தையும் லாக் பார்த்து கண்டுபிடிச்சுட்டு இருக்க முடியாதே. ராத்திரி பத்து மணிக்கு ஏதோ ஒரு பேமென்ட் பேஜ் பாதில நிக்கும்போது எவன் லாக் படிப்பான். அவசரத்துக்கு விட்ஜெட், நிரந்தரத்துக்கு குரூப், ரெண்டும் இருக்கட்டும்.

நிலாப்பெண்:

ஐபோனுக்கு நான் சொல்றேன். தனி ஆப் எதுவும் வேணாம், ஷார்ட்கட்ஸ் ஆப்லயே "யூஆர்எல் உள்ளடக்கத்தை எடு"ங்கிற ஆக்‌ஷனை ரெண்டு தடவை போடுங்க, முதல்ல வர்ற பதில்ல இருந்து செஷன் ஐடியை டிக்‌ஷனரி வேல்யூவா எடுத்து ரெண்டாவதோட ஹெடர்ல குடுக்கணும், ஹெடர் பேர் எக்ஸ் ஹைஃபன் எஃப்டிஎல் ஹைஃபன் சிட். முடிஞ்சதும் ஷார்ட்கட்ஸ் விட்ஜெட்டை ஹோம் ஸ்கிரீன்ல வெச்சுக்கலாம். முதல் தடவை லோக்கல் நெட்வொர்க் பர்மிஷன் கேக்கும், அதுல வேணாம்னு அழுத்திட்டா அப்புறம் என்ன பண்ணாலும் போகாது. ஹெச்டிடிபிஎஸ் அட்ரஸ் போட்டா பை-ஹோலே போட்டுக்கிட்ட சர்டிஃபிகேட்டை ஐபோன் நம்பாது, அதனால வீட்டுக்குள்ள சாதா ஹெச்டிடிபி போதும்.

இன்னொண்ணு, விட்ஜெட்டைத் தட்டுன உடனே பேஜை ரிஃப்ரெஷ் பண்ணிட்டு "வேலை செய்யல"னு சொல்லுவாங்க பாருங்க. பை-ஹோல் தடுத்த பதிலுக்கு டிடிஎல் (பதிலை நினைவுல வெச்சிருக்கச் சொல்ற நேரம்) ரெண்டே செகண்டுதான், ஆனா பிரவுசர் தன் பங்குக்கு கொஞ்ச நேரம் அதையே பிடிச்சு வெச்சிருக்கும். ஏரோபிளேன் மோடை ஒரு தடவை போட்டு எடுத்தா உடனே சரியாயிடும்.

ரவுட்டர்ராசா:

எல்லாருக்கும் நன்றி. ஆண்ட்ராய்டு விட்ஜெட் ஓடுது, டெயில்ஸ்கேல் வழியா ஆபீஸ்ல இருந்தும் ஓடுது, லாக்அவுட்டும் சேர்த்துட்டேன். ஆனா கோவைக்காரன் அண்ணே சொன்ன குரூப்தான் படுத்துது. முதல் நாள் சூப்பரா இருந்துச்சு, இப்ப அம்மா போன் லாக்ல புது ஆள் மாதிரி வேற அட்ரஸ்ல வருது. என் போன்ல இன்னொரு கூத்து, விட்ஜெட்ல பை டாட் ஹோல்னு பேர் போட்டா கண்டுபிடிக்க முடியலங்குது, ஐபி போட்டாத்தான் போகுது.

கோவைக்காரன்:

அம்மா போன்ல வைஃபை செட்டிங்ஸ் போயி உங்க வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் ரேண்டம் மேக்கை (மேக்னா போனோட வைஃபை அடையாள எண்) எடுத்துட்டு "போன் மேக்"னு மாத்துங்க, அப்புறம் அந்த மேக்கை கிளையன்ட்ஸ்ல சேருங்க, ஐபி வேணாம். ஆண்ட்ராய்டு 10-ல இருந்து இது தானா ரேண்டமாத்தான் இருக்குதுங்க, நெட்வொர்க்கை மறந்துட்டு திரும்ப சேர்க்கறப்போ சில போன்ல மாறிடுது.

பேர் போகலைனா உங்க போன் பை-ஹோலையே கேக்கலைனு அர்த்தங்க. பிரைவேட் டிஎன்எஸ்ல ஏதாவது பேர் போட்டிருக்கீங்களானு பாருங்க, ஆண்ட்ராய்டு 9-ல இருந்து அந்த செட்டிங் இருக்குது. அது இல்லைனா ஐபிவி6-ங்க, ரவுட்டர் தானா கம்பெனிக்காரன் டிஎன்எஸ்ஸை ஐபிவி6 வழியா போனுக்குக் குடுத்துட்டு இருக்கும். அப்படின்னா அந்த போன்ல விட்ஜெட் அழுத்தினாலும் ஒண்ணு, அழுத்தாட்டியும் ஒண்ணு.

ரவுட்டர்ராசா:

பிரைவேட் டிஎன்எஸ்தான் அண்ணே, ஊர்ல எங்கயோ ஹோட்டல் வைஃபைக்காக போட்டது அப்படியே கிடந்திருக்கு. எடுத்ததும் பேர் போகுது. அம்மா லிங்க்கும் தொறக்குது, நேத்து மிக்ஸியும் ஆர்டர் ஆயிடுச்சு, இனி அப்பாவுக்குத்தான் கவலை.

சைலன்ட்ரீடர்:

ஆட்கார்டு ஹோம் (பை-ஹோல் மாதிரியே இன்னொரு சாஃப்ட்வேர்) வெச்சிருக்கிறவங்க இந்த த்ரெட்டைப் பார்த்து அப்படியே செஞ்சுடாதீங்க, அதுல செஷன் வாங்குற வேலையே இல்ல, யூசர்நேம் பாஸ்வேர்டோட கன்ட்ரோல் ஸ்லாஷ் புரொடெக்‌ஷன்-க்கு ஒரே போஸ்ட் போதும், எனேபிள்டு ஃபால்ஸ், கூடவே டியூரேஷன். ஆனா அந்த டியூரேஷன் மில்லிசெகண்டு. இங்க இருக்கிற 300-ஐ அப்படியே காப்பி அடிச்சா அரை செகண்டு கூட நிக்காது, 300000 போடணும்.