புது பேட்டரி போட்டும் ‘சாவி பேட்டரி குறைவு’ போகலை, மீட்டர் 3.05 வோல்ட் காட்டுது

சாவிக்கொத்து:
பட்டன் ஸ்டார்ட் கார். மெசேஜ் வந்ததும் ரிமோட்ல புது சிஆர்2032 போட்டாச்சு. ரெண்டு வாரம் ஒண்ணும் இல்லை, இப்போ மறுபடி அதே மெசேஜ். கிட்ட போய் நின்னாதான் கதவு திறக்குது. கழட்டி மல்டிமீட்டர் வச்சா 3.05 வோல்ட். பேட்டரி மேலயே 3 வோல்ட்னுதானே போட்டிருக்கு? கோளாறு ரிமோட்லயா, கார்லயா?

ஓம்விதி:
3.05 நல்ல எண் இல்லைங்க. புது செல் சும்மா வச்சுப் பார்க்கும்போது 3.2 பக்கம் காட்டணும். இந்த வகை லித்தியம் செல் ஆயுள் முழுக்க 3 வோல்ட்டை ஒட்டியே ஓடிட்டு, கடைசியிலதான் சட்டுனு சரியும். அதுக்குள்ள உள்தடை (செல்லுக்குள்ளயே கரண்டைத் தடுக்கிற தன்மை) ஏறியிருக்கும், லோடு இல்லாம அளந்தா அது தெரியாது. பட்டனை அமுக்கினா ரிமோட் மில்லிஆம்பியர் கணக்குல இழுக்கும், அப்போ வோல்ட் இறங்கும். ரிமோட் சிப் அதைப் பார்த்துட்டு, லாக் சிக்னலோட ‘பேட்டரி கம்மி’ன்னு காருக்குச் சொல்லுது.

100 ஓம் ரெசிஸ்டரை செல்லோட ரெண்டு முனைக்கும் குறுக்கே 2 வினாடி மட்டும் வச்சு, அப்படியே வோல்ட் பாருங்க. 2.7 பக்கம் நின்னா செல் நல்லா இருக்கு. 2.5-க்குக் கீழே போனா மாத்திடுங்க.

பித்தளைநாக்கு:
செல் பாஸாச்சுன்னா காண்டாக்டை, அதாவது செல்லைத் தொடுற உலோகத் தகட்டைப் பாருங்க. சிஆர்2025-ம் 2032-ம் விட்டம் ஒண்ணுதான், 20 மி.மீ. ஆனா தடிமன் 2.5, 3.2. மாத்திப் போட்டா உள்ள உட்காரும், ஆனா 0.7 மி.மீ. ஆடும், தகடு தொட்டும் தொடாமலும் இருக்கும். இன்னொண்ணு, குழந்தைங்க வாயில போட்டா துப்பட்டும்னு சில செல்லுல கசப்புப் பூச்சு வருது. அது காண்டாக்ட் மேல விழுந்தா கரண்ட் சரியா போகாது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைச்சா போயிடும். தகடு அமுங்கியிருந்தா பிளாஸ்டிக் முனையால அரை மி.மீ. தூக்கிவிடுங்க. உலோக இடுக்கி வேண்டாம், செல் ஷார்ட் ஆகிடும்.

சாவிக்கொத்து:
100 ஓம் வச்சதும் 2.38-க்கு விழுந்துடுச்சு. சாவி மாட்டுற ஆணிக்கும் காருக்கும் ரெண்டு மீட்டர் கூட இருக்காது. ராத்திரி முழுக்க காரோட பேசிக்கிட்டே இருக்குமோ?

ஓம்விதி:
பேசலாம். நெருங்கினாலே விளக்கு எரியற, தானா திறக்கற கார்கள் 125 கிலோஹெர்ட்ஸ் பக்கம் சிக்னல் விட்டுக்கிட்டே இருக்கும், ரிமோட் தூங்காது. ஆணியை மாத்திடுங்க. ஆனா அது மட்டும்னு நான் நம்பலை. செல்லோட கொள்ளளவு சுமார் 220 மில்லிஆம்பியர் மணி. ரெண்டு வாரம்னா 336 மணி நேரம். தீரணும்னா இடைவிடாம 0.65 மில்லிஆம்பியர் போகணும், அது ரொம்ப அதிகம். ஒண்ணு, கடையில ரொம்ப நாள் கிடந்த செல். இல்லைன்னா ரிமோட்டே சும்மா இருக்கும்போதும் கரண்டை இழுக்குது.

புது செல்லைப் போட்டு, பிளஸ் தகட்டுக்கும் செல்லுக்கும் நடுவுல காகிதத் துண்டு சொருகுங்க. மீட்டரை மைக்ரோஆம்பியர்ல வச்சு சிவப்பை செல் மேல, கருப்பைத் தகட்டு மேல வைங்க. காரை விட்டு தள்ளி நின்னு, பட்டனைத் தொடாம அளக்கணும். சில மைக்ரோஆம்பியர்னா சரி. 10 போனாக்கூட கணக்குப்படி ரெண்டரை வருஷம் ஓடும். நூத்துக்கணக்குல வந்தா ஏதோ ஒரு பட்டன் அமுங்கி நிக்குது, இல்லை போர்டுல ஈரம் இறங்கியிருக்கு. ஒவ்வொரு பட்டனையும் அமுக்கிப் பாருங்க, ‘டிக்’னு திரும்பாததுதான் ஆள். வெள்ளையாவோ பச்சையாவோ படிஞ்சிருந்தா ஆல்கஹாலும் மெல்லிய பிரஷ்ஷும் போட்டுத் தேய்ச்சு, நல்லா காயவிட்டு மூடுங்க.

பித்தளைநாக்கு:
மாத்தினதும் மெசேஜ் உடனே போகலைன்னா பதறாதீங்க, கார் பக்கத்துல நின்னு நாலஞ்சு தடவை லாக், அன்லாக் பண்ணுங்க. ரெண்டாவது சாவி பைக்குள்ள இருந்தா அதுவும் அந்த மெசேஜுக்குக் காரணமா இருக்கலாம். நடுவுல செத்துட்டா உள்ள இருக்கிற இரும்புச் சாவியால கதவைத் திறந்து, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன் மேலயே ஒட்டிப் பிடிச்சு அமுக்குங்க. சரியான சாவிதானான்னு கார் பார்க்கிற இம்மொபிலைசர் சிப்புக்கு பேட்டரி வேண்டாம், கார்ல இருக்கிற காயில்தான் அதுக்கு பவர் கொடுக்குது. சில கார்ல இதுக்கு பட்டனுக்குப் பதிலா தனி இடம் இருக்கும், கையேட்டுல படம் போட்டிருப்பாங்க.