கண்ணாடியைக் கைவிட, கண்ணுக்குள் வில்லை மாற்றும் ஒப்பரேஷன்: தையல் வேலைக்குச் சரி வருமா?

ஆரையம்பதி ஊசிநூல்:

வணக்கம். எனக்கு 53 வயது. வீட்டு முன் அறையில் தையல், சேலைச் சட்டைதான் அதிகம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே பிளஸ் கண்ணாடி. இப்போது தூரத்துக்கு பிளஸ் 3.75, கிட்டப் பார்க்க அதற்கு மேல் இன்னும் 2.25. கழற்றினால் தூரமும் இல்லை, கிட்டவும் இல்லை. புரொகிரசிவ் கண்ணாடி போட்டால் நடுவில் ஊசி தெளிவாகத் தெரிகிறது, ஆனால் இரண்டு பக்கமும் நேராக வெட்டிய கரை நெளிகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வியர்வையில் கண்ணாடி மூக்கை விட்டு இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு கையில் துணி, மறு கையில் கண்ணாடி என்றால் எப்படித் தைப்பது?

போன கிழமை கண் டொக்டரிடம் லேசர் செய்யலாமா என்று கேட்டேன். இந்த வயதில் லேசர் செய்தாலும் வெள்ளெழுத்து போகாது, பிறகு புரை வந்தால் திரும்பவும் ஒப்பரேஷன், அதைவிடக் கண்ணுக்குள் இருக்கும் வில்லையையே (லென்ஸ்) மாற்றிவிடலாம் என்றார். புரை இன்னும் வரவில்லையாம். புரை இல்லாத கண்ணை ஏன் வெட்ட வேண்டும் என்று இவர் முகத்தைச் சுளிக்கிறார். கனடாவில் இருக்கும் தங்கச்சி, காசு நான் அனுப்புகிறேன், நீ செய் என்கிறாள். வெளியே நோயாளர் வரிசை நீண்டு கிடந்ததால் டொக்டரிடம் மேற்கொண்டு கேட்க வாய் வரவில்லை.

செய்தவர்கள் சொல்லுங்கள். கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் கொக்கி வைக்க முடியுமா? கண்ணுக்குள் வைக்கும் பிளாஸ்டிக் சாகும்வரை பழுதில்லாமல் கிடக்குமா? கொஞ்சம் சீனி வருத்தமும் உண்டு, குளிசையில் கட்டுப்பாடாக இருக்கிறது.

கல்முனை வேன்காரன்:

அக்கா, நான் இரண்டு கண்ணும் செய்தவன், கொழும்பில் ஒரு தனியார் இடத்தில். கிட்ட, நடு, தூரம் மூன்றும் தெரியும் என்ற விலை கூடிய வில்லை. மறுநாள் கண் மூடியைக் கழற்றியதும் என் பழைய வெள்ளைத் தொப்பி நீலம் போட்டு வெளுத்தது போல இருந்தது. வயதோடு என் சொந்த வில்லை மஞ்சளித்துப் போயிருந்ததாம்.

ஒப்பரேஷனுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஊசிகூட இல்லை, சொட்டு மருந்தால் விறைக்க வைத்தார்கள். மேலே ஒரு வெளிச்சம், கன்னத்தில் தண்ணீர், பக்கத்தில் மெஷின் இரைச்சல், அவ்வளவுதான்.

ஆனால் என் தொழில் கட்டுநாயக்க ஓட்டம். வெளிநாடு போகிற பிள்ளைகளை ராவோடு ராவாகக் கொண்டுபோய் விடுவது. மின்னேரியா, ஹபரணைப் பக்கம் எதிரே லொறி வந்தால் ஒவ்வொரு லைட்டைச் சுற்றியும் ஒரு வளையம், அதற்கு வெளியே இன்னொரு வளையம். அந்தப் பாதையில் யானை குறுக்கே நிற்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கறுத்த ரோட்டில் கறுத்த யானை, கண்ணில் வளையம். மூளை பழகப் பழக வளையம் மெலிந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. எதிர் லைட்டைப் பாராமல் இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறேன், அதுவும் இப்போது குறைவு. ராவு ஓட்டத்தைப் பெரும்பாலும் மகன் பார்க்கிறான்.

என் கோபம் வில்லை மேல் இல்லை. நீ என்ன தொழில் செய்கிறாய் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. விலைப் பட்டியலைத்தான் விரித்துக் காட்டினார்கள். பகலில் குறை சொல்ல முடியாது. போன், பெயர்ப்பலகை, பள்ளியில் குர்ஆன் ஓதுவது, எதற்கும் கண்ணாடி வேண்டாம். வெளிச்சம் குறைந்தால் மட்டும் சின்ன எழுத்து மங்கும்.

மைனஸ் ஒன்பது:

இதே ஆசையோடு போன என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வயது 36. மைனஸ் கூடிய கண்ணில் கோளம் நீண்டு விழித்திரை மெலிந்திருக்குமாம். இந்த வயதில் வில்லையை எடுத்தால் விழித்திரை கழன்றுபோகும் ஆபத்து கூடுமாம். அத்தோடு, கிட்டவும் தூரமும் மாற்றி மாற்றிப் பார்க்கும் சக்தி எனக்கு இன்னும் இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் திரும்பாது. சொந்த வில்லையை அப்படியே இருக்க விட்டு, அதற்கு முன்னால் மெல்லிய வில்லை ஒன்றை வைக்கும் முறையை யோசிக்கச் சொன்னார்கள். அக்காவுக்கு பிளஸ் கண், வயதும் ஐம்பது தாண்டியது. உங்கள் கதை வேறு.

கண் கிளினிக் மிஸ்:

அக்கா, புரைக்குச் செய்யும் அதே ஒப்பரேஷன்தான் இது. கருவிழி ஓரத்தில் 2 முதல் 3 மில்லிமீற்றர் கீறல். பழைய வில்லையை ஒலி அதிர்வால் உடைத்து உறிஞ்சிவிட்டு, அது இருந்த பைக்குள் மடித்த புது வில்லையை விரிப்பார்கள். பெரும்பாலும் தையல் போடுவதில்லை (உங்களுக்குத்தான் ஏமாற்றம்). இனிப் புரை வராது. ஆனால் அந்தப் பை காலப்போக்கில் மங்கலாம், அதை லேசரால் சில நிமிடத்தில் சரிசெய்வார்கள். புரை திரும்ப வந்துவிட்டது என்று பதறி வருகிறவர்களில் பலருக்கு இதுதான் காரியம்.

பிளாஸ்டிக் பற்றிக் கேட்டீர்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் போர் விமானங்களின் பிளாஸ்டிக் கண்ணாடிக் கூரை உடைந்து விமானிகளின் கண்ணுக்குள் துண்டுகள் போயின. அவை கண்ணைப் பழுதாக்காமல் கிடப்பதைக் கண்ட ஹரோல்ட் ரிட்லி என்ற டொக்டர், அதே வகைப் பிளாஸ்டிக்கில் வில்லை செய்து 1949இல் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் முதன்முதலாக வைத்தார். இப்போதைய வில்லைகள் மடிக்கக்கூடியவை, ஆயுளுக்கும் இருக்கும்.

சீனி வருத்தம் என்றால் முதலில் விழித்திரையை ஸ்கேன் பண்ண வேண்டும். நடுப்பகுதியில் நீர் கோர்த்திருந்தால் வேன் நானா வைத்த வகையின் பக்கமே போக வேண்டாம். அது கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடுகிற வில்லை. பங்கு போனால் கறுப்பில் கறுப்பைப் பிரித்தறிவது கஷ்டம். உங்கள் கொக்கிக்கு அது தோதில்லை என்பது என் எண்ணம்.

வழக்கமாக ஒற்றைத் தூர வில்லையைத் தூரத்துக்கு வைத்து, வாசிக்கக் கண்ணாடி கொடுப்பார்கள். நீங்கள் அதைத் தலைகீழாகக் கேட்கலாம்: வேலைக்குக் கண்ணாடி வேண்டாம், வெளியே போகும்போது மட்டும் போடுகிறேன் என்று. மெஷின் ஊசிக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம் என்று உங்கள் டேப்பாலேயே அளந்து பாருங்கள்.

வேன் நானாவுக்கு அல்ல, வாசிக்கிற மற்ற ஆண்களுக்கு: மூத்திரத் தடைக்கு டாம்சுலோசின் குளிசை குடிப்பவர்கள், முன்பு குடித்து நிறுத்தியவர்களும், ஒப்பரேஷனுக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். கண்ணின் மணி ஒழுங்காக விரியாமல் டொக்டருக்குச் சிக்கல் வரும்.

ஆரையம்பதி ஊசிநூல்:

டேப்பை இவர்தான் பிடித்தார், முகம் இன்னும் சுளித்தபடி. மெஷினுக்கு 45 சென்ரிமீற்றர். கையால் ஓரம் மடித்துத் தைக்கும்போது 30. தலைகீழாகக் கேட்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை மிஸ். தெருவில் கண்ணாடியோடு போக எனக்கு ஒரு வெட்கமும் இல்லை, நாற்பது வருடமாகப் போகிறேன்தானே.

இன்னும் இரண்டு விஷயம். இது அரசாங்க ஆஸ்பத்திரியில் நடக்குமா? பெரும்போக அறுவடையோடு முற்றமெல்லாம் நெல் காயும், தூசி. அது முடியும்வரை தள்ளிப் போடலாமா?

கண் கிளினிக் மிஸ்:

அரசாங்கத்தில் இலவசமாகச் செய்வது புரை விழுந்த கண்ணுக்கு. கண்ணாடியை விடுவதற்காக என்றால் தனியாரில்தான். அதனால் காசைத் தங்கச்சியிடமே கேளுங்கள்.

45க்கு வைத்தால் மெஷின் சரி. 30க்கு மெல்லிய பிளஸ் 1 கண்ணாடி போதும். ஒரு கண்ணை ஊசிக்கும் மறு கண்ணைத் தெருவுக்கும் வைப்பவர்களும் உண்டு. அது பிடிக்குமா என்று கொன்டாக்ட் லென்ஸ் போட்டு முன்கூட்டியே பார்க்கலாம். ஆனால் தையலுக்கு இரண்டு கண்ணும் சேர்ந்து ஊசியில் நிற்பது நல்லது.

தாராளமாகத் தள்ளிப் போடுங்கள், அவசரமில்லாத ஒப்பரேஷன். செய்த பிறகு நாலு கிழமை அளவு சொட்டு மருந்து இருக்கும். முதல் நாட்களில் கிணற்றடியில் தலையில் வாளி கவிழ்க்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது. கிருமி தொற்றுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவுதான், வந்தால் பார்வையே போகலாம். ஆகவே நோவு கூடினாலோ, கண் சிவந்து பார்வை மங்கினாலோ, பார்வையில் மின்னல் வெட்டினாலோ, திரை விழுந்தது போல் தெரிந்தாலோ, கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே வந்துவிடுங்கள்.