மந்திரம் போடுறவங்களுக்கு மட்டும் வர்ற வியாதி, லாஜிக் இடிக்குதா?

பனங்கிழங்கு:
ஃபேண்டஸி கதை ஒண்ணு எழுதிட்டு இருக்கேன், அதுல மந்திரம் சொல்றவங்களுக்கு மட்டும் ஒரு நோய் வரும், பேரு நாக்கருகல். மொதல்ல உப்பு தெரியாது, அப்புறம் புளிப்பு, கடைசியா நாக்கு கருத்துப் போய் பேச்சே நின்னுடும், அதோட பொழப்பும் காலி. படிச்சுப் பாத்த ஃப்ரெண்டு ஒரே கேள்வில கவுத்துட்டான், "வியாதி வரும்னு தெரிஞ்சும் ஏன்டா சொல்றாங்க, பேசாம விவசாயம் பாக்கலாம்ல"ன்னு. சாபம் கீபம்னு சமாளிச்சேன், எனக்கே ஒட்டல. ஐடியா இருந்தா சொல்லுங்க.

ராத்திரிக்கோழி:
சாபம்லாம் வேணாம் ப்ரோ. ரேடியம் பெண்கள் பத்தி தேடிப் படிங்க. 1917 வாக்குல அமெரிக்கால நியூ ஜெர்சில இருட்டுல மின்னுற வாட்ச் டயலுக்கு ரேடியம் (கதிர்வீச்சு விடற உலோகம்) கலந்த பெயின்ட் அடிக்கற வேலை, நம்பர் சன்னமா வரணும்னு ப்ரஷ் முனையை உதட்டுல வச்சு கூராக்கச் சொல்லியே குடுத்தாங்க. உதட்டுல வை, பெயின்ட்ல தொடு, எழுது, மறுபடி உதட்டுல வை, நாள் பூரா இதேதான். ரேடியம் உடம்புக்கு நல்லதுன்னு வேற அப்ப நம்பினாங்க, சில பொண்ணுங்க வெளையாட்டா பல்லுல பூசிட்டு இருட்டுல சிரிச்சிருக்காங்க. உள்ள போன ரேடியத்தை எலும்பு கால்சியம் மாதிரியே சேத்து வச்சுக்கும், சில வருஷம் கழிச்சுத்தான் பல்லு ஆடும், தாடை எலும்பு பொடிஞ்சு வரும். செத்த ஒரு பொண்ணுக்கு சிபிலிஸ்ங்கற பால்வினை நோய்னு எழுதி வச்சாங்கன்னா பாத்துக்கங்க. பாதிக்கப்பட்ட பொண்ணுங்க கம்பெனி மேல போட்ட கேஸ் 1928லதான் சமரசத்துல முடிஞ்சது. நாக்கருகலும் பத்து வருஷம் கழிச்சு வரட்டும், மந்திரம் கத்துக்குடுக்கற குருகுலம் "அது வெத்தலை போட்டதால வந்தது"ன்னு சாதிக்கட்டும்.

குடைக்காம்பு:
தெரிஞ்சே செய்யறவங்களும் உண்டே. லண்டன் தீப்பெட்டி ஃபேக்டரில வெள்ளை பாஸ்பரஸால தாடை அழுகும்னு தெரிஞ்சுதான் வேலைக்குப் போனாங்க, வீட்ல அடுப்பு எரியணுமே. 1888ல பெரிய ஸ்ட்ரைக் நடந்தும், தடைச் சட்டம் வந்தது 1908லதான். இத்தனைக்கும் ஆபத்தில்லாத சிவப்பு பாஸ்பரஸ் அப்பவே இருந்துச்சு, வெலதான் ஜாஸ்தி. உங்க உலகத்துலயும் நாக்கைச் சுடாத மந்திரம் ஒண்ணு இருக்கு, ஆனா சொல்லி முடிக்க அரை நாள் ஆகும், அதுக்கு எந்த ஜமீனும் கூலி தரமாட்டான்னு வைங்க.

அரைத்தூக்கம்:
இவ்ளோ விளக்குனா மந்திரம் போய் கெமிஸ்ட்ரி பாடம் ஆயிடும். நம்ம ஊர்ல அறம் பாடுனா கேக்கறவன்தான் சாவான், பல்லவ ராஜா நந்திவர்மன் பாட்டு கேட்டே செத்த கதை தெரியும்ல. அது இங்க பாடுனவனுக்கே திரும்புதுன்னு சொன்னா போதும், யாரும் காரணம் கேக்க மாட்டாங்க.

ராத்திரிக்கோழி:
அவர் ஃப்ரெண்டு கேட்டுட்டாரே ஹாஹா

பனங்கிழங்கு:
அரை நாள் மந்திரத்தை அப்படியே சுட்டுட்டேன், கோச்சுக்காதீங்க குடைக்காம்பு. மொத சீனையும் மாத்திட்டேன். கஞ்சில உப்பே இல்லன்னு ஹீரோயின் கத்துறா, அம்மா இன்னும் ஒரு கை போடறாங்க, தம்பி அதுல ஒரு வாய் குடிச்சிட்டு தூன்னு துப்பறான். அம்மா ஒண்ணும் பேசாம உப்பு ஜாடியை மூடி வைக்கறாங்க, அவங்க அப்பாவும் மந்திரம் சொன்னவர்தான்.