நார்வேயில் சைக்கிள்: நாலு பேர், இருபது நாள், எந்தப் பாதை?

அரசலாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நாலு பேர், கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள், பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். ஆறு வருடமாக ஞாயிறு காலையில் சேர்ந்து சைக்கிள் ஓட்டுகிறோம். பெரும்பாலும் அணைக்கரை போய்வருவோம், சில வாரம் பூம்புகார் வரை. போன தை மாதம் 200 கிலோமீட்டர் பிரெவே (நேரக் கெடு வைத்த நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஒன்றை நாலு பேருமே பதின்மூன்றரை மணி நேரக் கெடுவுக்குள் முடித்தோம். அன்று ராத்திரி டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் நார்வே பேச்சு வந்தது, அதிலிருந்து வேறு எதையும் நாங்கள் பேசுவதில்லை.

கையில் ஆளுக்கு இரண்டரை லட்சமும் இருபது நாளும் இருக்கின்றன. ஒருவன் ஓஸ்லோவில் ஆரம்பித்து வடகோடியில் இருக்கும் நார்த் கேப் முனை வரை போகலாம் என்கிறான். இன்னொருவன் பள்ளி ஆசிரியர், மே மாதம் விட்டால் அவனுக்கு நீண்ட விடுமுறை கிடையாது. மூன்றாமவனுக்கு ஏழு ஏக்கர் குறுவை, மேட்டூர் ஜூன் 12 திறந்தால் நடவு, களை, உரம் என்று ஜூலை கடைசி வரை வயலை விட்டு நகர முடியாது. எனக்கு எந்த மாதமானாலும் சரி, ஆனால் எனக்குத்தான் மலை பயம். எங்கள் பக்கம் ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலம் மட்டும்தான். போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் மனதில் பட்டதைச் சொல்லுங்கள், ஒத்துவராது என்றாலும் பரவாயில்லை.

வெண்ணாறு_61:

தம்பி, 2019 ஆகஸ்டில் நாங்களும் நாலு பேர் போனோம், நான் நீடாமங்கலம் பக்கம். முதலில் நார்த் கேப்பை மறந்துவிடுங்கள். ஓஸ்லோவிலிருந்து அது 2,000 கிலோமீட்டருக்கு மேல், இருபது நாளில் ஒரு நாளைக்கு நூறு நூறாக மழையில் மிதித்தால் தார்ச்சாலையைத் தவிர எதையும் பார்க்க மாட்டீர்கள். மே மாதமும் வேண்டாம், மலைச்சாலைகள் பல அப்போது பனிக்குள் கிடக்கும். கடலோரம் போகலாம்தான், ஆனால் நம் உடம்புக்கு அந்தக் குளிர் கடினம். ஆசிரியர் நண்பர் எப்படியாவது விடுப்பு எடுக்கட்டும், வயல்காரருக்கு ஒத்துவரும் தேதிதான் பயணத்துக்கும் நல்ல தேதி.

நான் சொல்வது ஸ்டைன்ஷேரிலிருந்து போடோ வரை போகும் கடலோரச் சாலை, அங்கே கிஸ்ட்ரிக்ஸ்வெயன் என்பார்கள், மாவட்டச் சாலை எண் 17. சுமார் 650 கிலோமீட்டர், நடுவில் ஆறு இடத்தில் கார் ஏற்றும் பெரிய படகில் கடக்க வேண்டும். ஓஸ்லோவிலிருந்து ரயிலில் ட்ரோண்ட்ஹெய்ம், அங்கிருந்து இன்னொரு ரயிலில் ஸ்டைன்ஷேர். சைக்கிளுக்குத் தனியாக இடம் பதிவு செய்ய வேண்டும், சீக்கிரம் தீர்ந்துவிடும். தெற்கிலிருந்து வடக்கே போங்கள், கோடையில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். நாளுக்கு 60 கிலோமீட்டர் வைத்தால் பதினொரு நாள், மழைக்கு இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். மீதி நாளில் போடோவிலிருந்து படகேறி மோஸ்கெனெஸ் போய் லோஃபோட்டன் தீவுகளைப் பார்த்துவிட்டு வரலாம்.

வழியில் டோர்காட்டன் என்று ஒரு மலை, ஊடே ஓட்டை விழுந்து அந்தப் பக்கத்து வானம் தெரியும். சான்ட்னெஸ்ஷோன் ஊரை நெருங்கும்போது ஏழு சிகரங்கள் வரிசையாக நிற்கும், ஏழு சகோதரிகள் என்று பெயர், நம் ஊர் சப்த கன்னியர் மாதிரியே. மலை பயத்துக்கு ஒரு வார்த்தை: இந்தச் சாலை கடலை ஒட்டியே போகிறது, ஏற்றங்கள் உண்டு, ஆனால் நாள் முழுக்க ஏறும் கணவாய்கள் இல்லை. முன் பல்சக்கரம் சின்னதாகவும் பின் பல்சக்கரத்தில் 34 பல்லும் இருந்தால் சுமையோடு ஏறிவிடலாம்.

எங்களைச் சோதித்தது மலை இல்லை, நாங்களேதான். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, ஒரு படகுத்துறைக்குப் போகும் வழியில் காலையிலிருந்து மழை. வேகமாக ஓட்டும் இருவர் முன்னால் போய்ப் படகு கிளம்புகிறதே என்று ஏறிவிட்டார்கள். நானும் இன்னொருவரும் வந்து சேர்ந்தபோது படகு நடுக்கடலில். அன்றைக்கு மிச்சம் இருந்தது சாயங்காலப் படகு ஒன்றுதான். எங்கள் கூடாரத்தின் துணி என் பையில், கம்பிகள் அவர்கள் பையில். நனைந்த உடம்போடு துறையில் உட்கார்ந்திருந்த அந்த மூன்று மணி நேரத்தில் என் கூட இருந்தவருக்கு நடுக்கம் எடுத்துவிட்டது. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் நாங்கள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது, இருபது வருட சிநேகிதம் அந்த ராத்திரியோடு போயிருக்கும். மறுநாள் காலை இரண்டு விதி வைத்தோம். நாலு பேரும் வராமல் யாரும் படகேறக் கூடாது. இரண்டு பேருக்கு ஒரு முழுக் கூடாரம், ஒரு அடுப்பு, எதையும் நாலு பைக்குப் பிரிக்கக் கூடாது. அதற்கப்புறம் மெதுவாக ஓட்டுகிறவர்தான் முன்னால் போனார். நீங்கள் ஊரிலேயே இதைப் பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம், கில்போக்ஹாம்ன் துறையிலிருந்து யெக்த்விக் போகும் படகில்தான் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டுவீர்கள், கரையில் உலக உருண்டை மாதிரி ஒரு சின்னம் தெரியும், ஒரு மணி நேரப் பயணம். நாங்கள் தாண்டியது ஆடிப்பெருக்குக்கு மறுவாரம். ஆனாலும் காலையில் அடுப்பு பற்றவைத்து எலுமிச்சை சாதம் கிளறிப் படகின் மேல்தளத்தில் வைத்துச் சாப்பிட்டோம். படித்துறையில் அம்மா எடுத்துவைக்கும் சித்ரான்னம் நினைவுக்கு வந்து கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மன்னை_வடக்கு:

மன்னார்குடிக்காரன், ட்ரோண்ட்ஹெய்மில் வேலை, எட்டு வருடம் ஆகிறது. மேலே அண்ணன் சொன்ன பாதையையே நானும் சொல்வேன். பணக் கணக்கு மட்டும் எழுதுகிறேன். ஓட்டலில் தங்கி வெளியே சாப்பிட்டால் இரண்டரை லட்சம் இருபது நாள் தாங்காது. கூடாரமும் சொந்தச் சமையலும் என்றால் போதும், விமானம் எவ்வளவுக்கு அமைகிறது என்பதைப் பொறுத்தது.

கூடாரம் அடிக்க இங்கே சட்டமே உரிமை தருகிறது, 1957-ல் வந்த வெளிப்புறச் சட்டம். விளைநிலம் இல்லாத திறந்த வெளியில், குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி, ஒரே இடத்தில் இரண்டு ராத்திரி வரை யாரையும் கேட்காமல் தங்கலாம். ஆனால் நம் ஆட்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: வெறும் புல்தரை மாதிரி தெரிவது பல நேரம் மாட்டுத் தீவனத்துக்கு வளர்க்கும் புல், அது பயிர். நாற்றங்காலில் ஒருவன் பாய் விரித்தால் நமக்கு எப்படி இருக்கும், அதே கோபம்தான் இங்கேயும் வரும். லோஃபோட்டனில் கூட்டம் அதிகமாகிப் பல இடங்களில் தடைப் பலகை வைத்திருக்கிறார்கள், பார்த்துத் தங்குங்கள். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் தீ மூட்டத் தடை. மூன்று நாளுக்கு ஒரு தரம் முகாம்தளத்துக்குக் காசு கொடுத்துத் தங்கித் துணி காயவைத்துக்கொள்ளுங்கள்.

அரிசி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் கொண்டுவரலாம். நெய், பால்பொடி, கறி சேர்ந்த எதுவும் கூடாது, விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். அடுப்புக்கான கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், இங்கே வந்து வாங்குங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ஞாயிறு பெரிய கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே ரொட்டி வாங்கிவிட வேண்டும்.

சுரங்கப்பாதை விஷயத்தில் விளையாடாதீர்கள். சிலவற்றில் சைக்கிளுக்கே அனுமதி இல்லை. உங்கள் பாதையில் ஸ்வார்டிஸன் சுரங்கம் அப்படி, ஏழரை கிலோமீட்டருக்கு மேல், அதைத் தவிர்க்கப் படகு இருக்கிறது, அதன் நேரத்தை முன்னாலேயே பாருங்கள். அனுமதி உள்ள சில சுரங்கங்களின் வாசலில் ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் உள்ளே சைக்கிள் வருகிறது என்று வண்டிக்காரர்களுக்கு விளக்கு எரியும். பின்விளக்கும் ஒளிரும் மேல்சட்டையும் இல்லாமல் உள்ளே போகவே கூடாது.

நாகைக்காற்று:

அண்ணா, நான் நார்வே போனதில்லை, ஆனால் சமவெளியில் பழகி மலை ஏறியவள். கொல்லிமலைக்கு மூன்று தடவை போங்கள், 70 கொண்டை ஊசி வளைவு, திருச்சி வரை ரயிலில் போய்விட்டு அங்கிருந்து கிளம்பினால் வார இறுதிக்குள் முடியும். முதல் தடவை வெறும் சைக்கிள், கடைசித் தடவை நீங்கள் எடுத்துப்போகும் முழுச் சுமையோடு. அதைவிட முக்கியம் எதிர்காற்று. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை வரை உப்பளத்துப் பக்கம் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்றில் ஓட்டிப் பாருங்கள், நிழல் இருக்காது, இறங்குமுகமும் இருக்காது, விடாமல் மிதிக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் வீட்டில் உட்காராதீர்கள். நனைந்த கையோடு பஞ்சர் ஒட்டிப் பழகுவது அப்போதுதான் முடியும்.

அரசலாற்றங்கரை:

மூன்று பேருக்கும் நன்றி. நேற்று நாலு பேரும் சக்கரப் படித்துறையில் உட்கார்ந்து இதை முழுக்க வாசித்தோம். கூடாரக் கம்பி கதையைப் படித்ததும் நார்த் கேப் என்று சொன்னவனே கடலோரச் சாலை போதும் என்றுவிட்டான், எங்களில் வேகமாக ஓட்டுகிறவன் அவன்தான். அடுத்த வருடம் ஜூலை 28 கிளம்பி ஆகஸ்ட் 17 திரும்புவதாக முடிவு. அதற்குள் இரண்டாம் களை முடிந்திருக்கும், தண்ணீர் பார்க்க வயல்காரனுடைய அண்ணன் இருக்கிறார். சம்பா நாற்றங்கால் நேரத்துக்கு அவன் வந்து சேர்ந்துவிடுவான். ஆசிரியர் ஊதியமில்லா விடுப்பு எழுதிக் கொடுக்கப் போகிறான். ஒரே ஒரு கேள்வி, சைக்கிளை எப்படிக் கட்டி எடுத்துப் போனீர்கள்? விசாவுக்கு எப்போது எழுத வேண்டும்?

வெண்ணாறு_61:

விசா ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது), கிளம்பும் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மார்ச்சில் போட்டுவிடுங்கள், கோடையில் கூட்டம் நெரியும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். சைக்கிளுக்கு, புது சைக்கிள் வந்து இறங்கும் அட்டைப்பெட்டியை உங்கள் கடைக்காரரிடம் கேளுங்கள், சும்மாவே கொடுப்பார். பெடலைக் கழற்றி, கைப்பிடியைத் திருப்பி, முன்சக்கரத்தை எடுத்து, காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். பெடல் கழற்றும் ஸ்பேனர் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், கைப்பையில் வைத்தால் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். பிரேக் பேட் ஆளுக்கு இரண்டு ஜோடி கூடுதலாக எடுங்கள், மழையில் நாங்கள் நினைத்ததைவிடப் பாதி நாளில் தேய்ந்தது. கொல்லிமலைக்கு எப்போது போகிறீர்கள் என்று சொல்லுங்கள், நானும் வருகிறேன்.