எக்ஸ்போஷருக்கு “வெளிப்பாடு” வேண்டாம், “நச்சுப்படல்” எடுப்போம்

எல்லாருக்கும் வணக்கம்.

பீடைநாசினிச் சொற்பட்டியலில், ஒருவர் நஞ்சுக்கு ஆளாவதைக் குறிக்கும் எக்ஸ்போஷருக்கு (exposure) இன்னும் “வெளிப்பாடு” என்றே இருக்கிறது. இதைக் கட்டாயம் மாற்ற வேண்டும். உள்ளே இருப்பது வெளியே தெரிவதுதான் வெளிப்பாடு. “தொழிலாளரின் டீல்ட்ரின் வெளிப்பாடு” என்று எழுதினால், நஞ்சு அவர் உடம்பிலிருந்து கிளம்புவதாக ஆகிவிடுகிறது.

டீல்ட்ரினை வைத்தே யோசிப்போம். நம் இலங்கை மலைகளில் அடித்த பூச்சிமருந்து அது. தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டுக்காக 1950களில் இந்தச் சேதனக் குளோரின் (குளோரின் சேர்ந்த கரிம) நஞ்சை அடித்தார்கள். இலைசுருட்டிப் புழுவை அடக்க 1930களில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒட்டுண்ணிக் குளவியும் அதில் செத்துப்போக, புழு மலை மலையாகப் பரவியது. பூச்சியியல் படிப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள்.

ஆளுக்கு என்ன ஆகும்? டீல்ட்ரின் தோல் வழியாகவே எளிதாக உள்ளே போகும். மூளையில் நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா வழிகளை அடைத்துவிடும், அதனால் வலிப்பு வரும். தலைவலி, குமட்டல் என்று எந்த முன்னறிகுறியும் இல்லாமலே வலிப்பு வரலாம். மலேரியா ஒழிப்புக்காகப் பல நாடுகளில் இதைத் தெளித்தவர்களில் சிலருக்கு, வேலையை விட்டு வாரங்கள் கழித்தும் வந்திருக்கிறது. காரணம், அது கொழுப்பில் போய்த் தங்கிவிடும். இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வருடம் பிடிக்கும். அமெரிக்கத் தொழிலிட வரம்பு காற்றில் ஒரு கனமீட்டருக்கு 0.25 மில்லிகிராம். அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே “தோல்” என்ற குறிப்பும் உண்டு. காற்று வரம்புக்குள் இருந்தாலும், நனைந்த சட்டையோடு நிற்பவருக்குப் பாதுகாப்பில்லை என்பதே அதன் பொருள்.

தோட்டத்தில் இதற்கு ஏற்கெனவே வினை இருக்கிறது: “மருந்து மேல பட்டுருச்சு.” அதிலிருந்து நச்சுப்படல். வேலையால் வருவது தொழில்வழி நச்சுப்படல். (“தொழிற்படல்” என்று சுருக்க வேண்டாம், இயங்குதல் என்ற பொருள் வந்துவிடும்.)

அன்புடன்,
தலவாக்கலையிலிருந்து

---

அக்கா, “வெளிப்பாடு” போகட்டும், சம்மதம். ஆனால் படுதல் என்றால் தொடுதல்தானே? மூச்சில் போவதற்கு அது பொருந்துமா? அப்புறம், நம் சனம் சொல்வது போல “மருந்துப்படல்” என்றே வைத்தால் என்ன? நஞ்சு என்றால் குடித்துச் சாவதைத்தான் நினைப்பார்கள்.
ஹட்டனிலிருந்து

---

தம்பி, வெயில் படுகிறது, பனிக்காற்றுப் படுகிறது, அடுப்புப் புகை படுகிறது என்கிறோமே. தொடாமலே படும். மூச்சு வழிக்கும் இந்தச் சொல் தாங்கும்.

“மருந்து” பற்றி நீங்கள் சொல்வது எனக்கும் புரிகிறது. பேச்சில் இருக்கட்டும். ஆனால் பட்டியலில் அந்தச் சொல்லை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மருந்து என்ற பேரை நம்பித்தான் வெறுங்கையால் கலக்குகிறார்கள். மருந்தடித்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துப் பீலியில் அலசுகிறார்கள். குடித்தால்தான் நஞ்சு என்ற நினைப்பை மாற்றுவதற்கே இந்தச் சொல்லில் நஞ்சு இருக்க வேண்டும். வீட்டில் உடுப்புத் துவைப்பவருக்கு நேர்வதும் நச்சுப்படல்தான். அதையும் வரையறையில் எழுதிவிடுவோம்.

டீல்ட்ரின், அழியாமல் நீடிக்கும் நஞ்சுகளைக் கட்டுப்படுத்தும் 2001இன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் முதல் பன்னிரண்டு நஞ்சுகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. எண்டோசல்பான் என்ற இன்னொரு பூச்சிமருந்தை இலங்கை 1998இல் தடை செய்தது. தடை வந்தாலும் தெளிகருவியைத் தோளில் சுமக்கிறவர் இன்றும் இருக்கிறார், தொட்டியில் வேறு நஞ்சு இருக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு: மேலே படுவது நச்சுப்படல், உள்ளே போவது உட்புகல், கொழுப்பில் நின்றுவிடுவது உடற்தேக்கம். மூன்றாவதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. தேக்கம் என்றால் ஓட்டம் நின்றது போல இருக்கிறது. டீல்ட்ரினோ தாய்ப்பால் வழியாகப் பிள்ளைக்கும் போகும். இன்னும் நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.