படகு ட்ரெய்லர் பங்க் பலகை: மருந்தேற்றிய மரம் போடலாமா?

கவார்த்தா வாசி:
வணக்கம். என்னிடம் இருப்பது 16 அடி அலுமினியப் படகு. ட்ரெய்லரில் படகு உட்காரும் இரண்டு நீளப் பலகைகளில் (பங்க் என்பார்கள்) ஒன்று உளுத்துவிட்டது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் தடையில்லாமல் இறங்குகிறது. மேலே சுற்றிய கார்பெட்தான் அதைச் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. உளுக்காமல் இருக்க மருந்தேற்றிய 2×6 அங்குலப் பலகை வாங்கி, புதுக் கார்பெட் சுற்றிப் பூட்டிவிடலாம் என்று பார்க்கிறேன். மே மாத நீண்ட வாரவிடுமுறைக்குள் வேலை முடிய வேண்டும். சரிதானே?

மரப்பட்டறை:
தாராளமாகப் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் முங்கி எழும்புகிற பலகை அது. மருந்தில்லாத மரம் எத்தனை நாள் தாங்கும்?

வலைக்காரன்:
ஃபைபர் படகென்றால் நானும் ஒன்றும் சொல்லமாட்டேன். அலுமினியத்துக்கு வேண்டாம் அண்ணை. அந்த மருந்தில் இருப்பது செம்பு. ஈரக் கார்பெட் வழியாகச் செம்பு கசிந்து அலுமினியத்தில் பட்டால், அரிபடுவது அலுமினியம்தான். பலகை படும் இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். அதைச் சுரண்டிப் பார்த்தால் கீழே ஊசி குத்தியதுபோலக் குழிகள்.

மரப்பட்டறை:
என் பழைய ட்ரெய்லரில் அதே மரம்தான், அதே அலுமினியம்தான். ஒரு குழிகூட இல்லை. இடையில் கார்பெட் இருக்கும்போது மரம் எங்கே படகைத் தொடுகிறது?

வலைக்காரன்:
கார்பெட் காய்ந்திருந்தால் நீங்கள் சொல்வது சரி. படகை ஏற்றி, மேலே தார்ப்பாய் மூடி, வாரக்கணக்கில் வீட்டு முற்றத்தில் விட்டால் அது எங்கே காய்கிறது? அப்புறம், உங்கள் பழைய ட்ரெய்லர் எந்தக் காலத்தது? 2003 கடைசிவரை வீட்டு வேலைக்கான மரத்தில் குரோமியம், செம்பு, ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த மருந்துதான் ஏற்றினார்கள். குரோமியம் செம்பை மரத்துக்குள்ளேயே பிடித்து வைத்தது. ஆர்செனிக்கால் அதை வீட்டுப் பாவனையிலிருந்து எடுத்தார்கள். பிறகு வந்த ஏசிக்யூ மாதிரி மருந்துகளில் குரோமியம் இல்லை, செம்போ கூடுதல். கறள் பிடிக்காத ஆணி போடு என்று மரக்கடையில் சொல்வதும் அதனால்தான்.

மரப்பட்டறை:
இப்போது செம்பை நுண்துகளாக ஏற்றும் மரமும் வந்துவிட்டது. அலுமினியத்தோடு வைக்கலாம் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள்.

வலைக்காரன்:
கூடவே உள்ள நிபந்தனையையும் வாசியுங்கள். தண்ணீர் தேங்காமல் வடிகிற இடத்துக்குத்தான் அந்தப் பேச்சு. ஊறிக் கிடக்கும் கார்பெட்டுக்கு அல்ல.

சிம்கோ காற்று:
இவ்வளவு சண்டை எதற்கு? கார்பெட்டை விட்டுவிட்டு, மரத்தின் மேல் வழுக்கும் பிளாஸ்டிக் பட்டை அடியுங்கள். படகு லேசாக இறங்கும், தண்ணீரும் நிற்காது. 2022 ஜனவரியிலிருந்து ஒன்டாரியோவில் படகு, ட்ரெய்லர் எல்லாவற்றிலும் பாசி, செடி, சிப்பி ஒட்டாமல் துடைத்துவிட்டுத்தான் ரோட்டில் இழுக்கலாம். கார்பெட்டில் சிக்கிய களையை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள், தெரியும்.

மரப்பட்டறை:
லேசாக இறங்கும், உண்மை. தண்ணீருக்கு வருமுன்பே, படகை ட்ரெய்லரோடு இழுத்துப் பிடிக்கும் வின்ச் கொக்கியைக் கழற்றினால் சாய்தளத்து கொங்கிரீட்டிலும் லேசாக இறங்கும்! ஒரு படகு அப்படி விழுந்து பின்பக்கம் நசுங்கியதை நேரில் பார்த்திருக்கிறேன். புதிதாகப் படகு ஓட்டுகிறவருக்கு அந்த யோசனை வேண்டாம்.

சிம்கோ காற்று:
கொக்கியைக் கடைசியில் கழற்றப் பழகுவது பெரிய வித்தையா? எந்தப் பலகையானாலும் அதுதான் முறை.

வலைக்காரன்:
இதையெல்லாம்விட நீளத்தைக் கவனியுங்கள். எஞ்சினின் பாரம் பின்சுவரில்தான். பலகையின் முனை அதுவரை போய்த் தாங்க வேண்டும். குறைவாக நின்றால் அடித்தகடு முனைக்குப் பின்னே தொய்ந்து வளையும். பிறகு படகு ஓடும்போது மூக்கைத் தண்ணீரில் அழுத்தும். பழைய பலகையை அளந்து அதே நீளத்துக்கு வெட்டாதீர்கள், அதுவே குட்டையாக இருந்திருக்கலாம்.

கவார்த்தா வாசி:
அப்படியென்றால் மருந்தில்லாத டக்ளஸ் ஃபிர் மரம் எடுக்கிறேன். பிளாஸ்டிக் இப்போதைக்கு வேண்டாம், கார்பெட்தான். மரத்துக்கு என்ன பூசுவது?

மரப்பட்டறை:
நான் சொன்னதைக் கேட்கவில்லை, பரவாயில்லை. சில வருடத்தில் திரும்ப மாற்றுவீர்கள். வெளிவேலைக்கான வார்னிஷ் பூசுங்கள். வெட்டுமுனைகளிலும் போல்ட் துளைக்குள்ளும் கூடுதலாக. தண்ணீர் உள்ளே போவது அங்கேதான். போல்ட்டின் தலை பலகைக்குள் நன்றாகப் புதைய வேண்டும், இல்லாவிட்டால் கார்பெட் தேய்ந்ததும் தகட்டைக் கீறும்.

வலைக்காரன்:
இதில் நானும் மரப்பட்டறை கட்சி. கார்பெட்டை மேலும் பக்கங்களும் மட்டும் மூடுங்கள், அடிப்பக்கம் திறந்திருந்தால் பலகை காயும். ஸ்டேப்பிள் பக்கவாட்டில், ஸ்டெயின்லெஸ் மட்டும். ஒரு பலகையைப் பூட்டி முடித்த பிறகே மற்றதைக் கழற்றுங்கள், அளவு பிசகாது. படகு மேலே இருக்கும்போது ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், தடித்த மரக்கட்டை அடுக்கி முட்டுக்கொடுங்கள்.

கவார்த்தா வாசி:
பின்சுவர்வரை அளந்து பார்த்தேன். பழைய பலகை அரை அடி குட்டை.