மதுரையில் ஞாயிறு காலை 2 மணி நேரம் உட்கார ஓர் இடம் கிடைக்குமா?

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் வெவ்வேறு காலேஜில் படிக்கிற 9 பேர் சேர்ந்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்கு சொல்லித்தர ஒரு குழு ஆரம்பித்திருக்கிறோம். இதுவரை காந்தி மியூசியம் பக்கம் மரத்தடியில்தான் கூடினோம். போன வாரம் திடீர் மழை. வரவு செலவு நோட்டு தொப்பலாக நனைந்து, மை எல்லாம் ஊறிவிட்டது. டீக்கடையில் உட்கார்ந்தால் ஒரு டீக்கு எவ்வளவு நேரம்தான் பெஞ்சைப் பிடித்து வைப்பது?

ஒரு கல்யாண மண்டபத்தில் சின்ன ஹாலுக்கு அரை நாள் வாடகை 4,000 என்றார்கள். எங்களிடம் மாதம் தேறுவதே 900 ரூபாய்!

கோரிப்பாளையம், தல்லாகுளம், கே.கே.நகர் பக்கம் மொட்டை மாடி, டியூஷன் சென்டர், சங்கக் கட்டடம், எதுவானாலும் சரி. ஃபேனும் பாத்ரூமும் இருந்தால் போதும். பெருக்கிச் சுத்தம் செய்து சாவியைக் கொடுத்துவிடுவோம்.

இன்னொரு சந்தேகம். 1975 சங்கப் பதிவுச் சட்டப்படி 7 பேர் இருந்தால் பதிவு செய்யலாம். ஆள் இருக்கிறது, அலுவலக முகவரிதான் இல்லை. உறுப்பினர் வீட்டு முகவரியைக் கொடுத்துப் பதிந்தவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்களேன், அண்ணன்களே, அக்காக்களே.